பணத்தைப் பறிகொடுத்தவர்களின் கணக்கைத் தொகுக்க ஆள் வேண்டும்

நண்பர்களே, முதலீட்டு மோசடியில் வாழ்நாள் சேமிப்பை இழந்தவர்களுக்கு இழப்பீட்டு மனு தயாரிக்கிறோம். பேங்க் ஸ்டேட்மென்ட் படிக்கத் தெரிந்தவர்கள் வாரம் 2 மணி நேரம் ஒதுக்க முடியுமா?

தேதி, தொகை, பரிவர்த்தனை எண், பணம் யார் கணக்குக்குப் போனது, திரும்பி வந்தது எவ்வளவு, இவ்வளவும் வரிசையாக எக்செலில் ஏற வேண்டும். பெரும்பாலும் சிக்கல் 'மறுமுதலீட்டில்'தான். முதிர்வுத் தொகையை மறுபடி போட்டதாக ரசீது இருக்கும், வங்கியில் பணம் நகர்ந்தே இருக்காது. அதைப் புது முதலீடாகக் காட்டினால் மொத்தக் கணக்கும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அமெரிக்காவில் பெர்னி மேடாஃப் நடத்திய பெரிய முதலீட்டு மோசடி வழக்கில், முதலீட்டாளர்களுக்குக் கொடுத்த ஸ்டேட்மென்டுகளில் இருந்த சுமார் 6,500 கோடி டாலர் வெறும் காகிதக் கணக்கு. போட்டதில் எடுத்ததைக் கழித்த நிகரத் தொகையைத்தான் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011-இல் ஏற்றது.

ரொக்கமாகக் கொடுத்தவர்களின் ரசீதை இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள், ஏஜென்டுடனான வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். 'மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்' என்று யாராவது கூப்பிட்டால் அதுவும் மோசடிதான், உடனே எச்சரியுங்கள்.

தயவுசெய்து யாரிடமும் "ஏன் பேராசைப்பட்டீர்கள்?" என்று கேட்காதீர்கள். நம் கோபமெல்லாம் ஏமாற்றியவன்மேல் இருக்கட்டும். வரக்கூடியவர்கள் எந்த நாள் வசதி என்று கீழே எழுதுங்கள்.