மேட் வார்னிஷ் அடித்ததும் கறுப்பு அங்கி வெளுத்துவிட்டது. காப்பாற்ற வழி உண்டா?

மைத்துளி:
மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்கான 28 மி.மீ. பிளாஸ்டிக் போர்வீரர் பொம்மைகள், மொத்தம் 12 உருவம். எல்லாமே வல்லெஹோ அக்ரிலிக் பெயின்ட். கறுப்பு அங்கி, வெள்ளி நிறக் கவசம். நான்கு உருவங்களுக்கு மட்டும் கேன் ஸ்ப்ரேயில் மேட் (மினுக்கம் இல்லாத) வார்னிஷ் அடித்தேன். இடம் சென்னை, மொட்டைமாடி, மழை விட்ட மாலை ஆறு மணி. காய்ந்த பிறகு பார்த்தால் அங்கி முழுக்க மெல்லிய வெண்படலம், மடிப்புகளில் திட்டுத் திட்டாக வெள்ளை. கவசம் உலோகம் மாதிரியே இல்லை, சாம்பல் பூசியது போல இருக்கிறது. இந்த நான்கையும் மீட்க முடியுமா? மீதி எட்டுக்கு என்ன செய்வது? எல்லாமே விளையாட்டில் கையில் எடுத்து நகர்த்தப்போகிற உருவங்கள்.

நிழல்பூச்சு:
பெயின்டை உரித்துவிடாதீர்கள், பெரும்பாலும் மீட்டுவிடலாம். இங்கே இரண்டு கோளாறு சேர்ந்திருக்கிறது.

அங்கி முழுக்கப் பரவிய வெண்மை, ஈரத்தால் வந்தது. ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. மழை விட்ட நேரத்துக் காற்றில் ஈரம் நிறைய இருக்கும். அது அந்தக் குளிர்ந்த பரப்பில் படிந்து, காயும் வார்னிஷுக்குள் சிக்கிக்கொள்கிறது.

மடிப்பில் திட்டாக இருப்பது மேட் தூள். மேட் வார்னிஷும் அடிப்படையில் பளபளப்பு வார்னிஷ்தான். அதில் நுண்ணிய சிலிக்கா கலந்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகிறார்கள். ஒளி நாலாபக்கமும் சிதறுவதால் மினுக்கம் தெரிவதில்லை. இந்தத் தூள் டப்பாவின் அடியில் தங்கிவிடும். சரியாகக் குலுக்காவிட்டால் முதலில் வருவது மினுங்கும், கடைசியில் வருவது சுண்ணாம்பாக வெளுக்கும். கனமாக அடித்தால் வார்னிஷ் மடிப்பில் தேங்கி, தூளும் அங்கேயே சேரும். கறுப்பில்தான் இது பளிச்சென்று தெரியும்.

முதலில் ஒரு சோதனை. சுத்தமான தூரிகையால் வெளுத்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். நனைந்திருக்கும்போது வெண்மை மறைந்தால், மெலிதாக ஒரு பளபளப்பு வார்னிஷ் பூசினாலே நிறம் திரும்பும். தண்ணீர் செய்ததையே வார்னிஷும் செய்யும், பள்ளங்களை நிரப்பி ஒளி சிதறாமல் தடுக்கும். 24 மணி நேரம் காயவிட்டு மறுபடி மேட். நனைந்தும் வெளுப்பாகவே இருந்தால் தூள் அங்கே தடித்துப் படிந்திருக்கிறது. அந்த இடத்தை மட்டும் கறுப்பால் திரும்பப் பூசுவதுதான் வழி.

ஆலிவ் எண்ணெய் தடவச் சொல்வார்கள். வெண்மை மறைவது உண்மை. ஆனால் எண்ணெய்மேல் அடுத்த கோட் ஒட்டாது. விளையாட்டு உருவத்துக்கு வேண்டாம்.

மீதி எட்டில் ஒன்றை மனதில் வையுங்கள்: பாதுகாப்பு தருவது பளபளப்பு வார்னிஷ், மேட் கோட் தோற்றத்துக்கு மட்டும். சிலிக்கா கலந்த படலம் தேய்மானத்தை அவ்வளவாகத் தாங்காது. அடியில் ஒன்றிரண்டு பளபளப்புக் கோட், அதன்மேல் ஒரே ஒரு மெல்லிய மேட் கோட். மேட்டையே மூன்று தடவை அடித்தால் பலம் கூடாது, வெளுப்புதான் கூடும்.

கொற்கை:
மேலே சொன்னது சரி. கேனே தப்புன்னு நினைச்சுடாதீங்க, நேரம்தான் தப்பு. ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல இருந்தா கேனைத் தொடாதீங்க. ஒரு ஈரப்பதமானி வாங்கி வெச்சுக்கோங்க, கண்ணால பார்த்துக் கணிக்க முடியாது. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் சென்னையில ஸ்ப்ரேக்குத் தோதான நாள் குறைவு. கோடையில முற்பகல், கடல்காத்து உள்ள வர்றதுக்கு முன்னாடி, நல்ல நேரம்.

அடிக்கிற முறை: கேனை ரெண்டு நிமிஷம் முழுசாக் குலுக்கணும், நடுநடுவுலயும் குலுக்கணும். தூரம் 20–25 செ.மீ. உருவத்துக்கு வெளியில ஆரம்பிச்சு, மேலே ஓட்டி, வெளியிலதான் விரலை எடுக்கணும். ஈரமாத் தெரியிற அளவுக்கு அடிச்சா அதிகம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவுல 15 நிமிஷம் விடுங்க. கோடையில எதிர்த் தப்பும் நடக்கும். ரொம்பத் தள்ளி நின்னு அடிச்சா துளி காத்துலயே காஞ்சு, மாவு தூவின மாதிரி படியும்.

முகக்கவசம் கட்டாயம். என்95 தூசியைத்தான் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரி கேட்ரிட்ஜ் உள்ளது வேணும்.

மைத்துளி:
தண்ணீர் சோதனை செய்தேன். நனைந்ததும் எல்லா இடத்திலும் கறுப்பு திரும்பியது, ஓர் உருவத்தின் முதுகு மடிப்பு மட்டும் வெளுப்பாகவே நிற்கிறது. என்னிடம் ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்ட் தெளிக்கும் கருவி) இல்லை. மழைக்காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டுமா, தூரிகையால் பூசலாமா?

நிழல்பூச்சு:
காத்திருக்க வேண்டாம். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷைத் தூரிகையால் பூசினால் இந்த வெளுப்பு அபாயம் வெகு குறைவு. காய நேரம் கூடும், அவ்வளவுதான்.

புட்டியைத் தலைகீழாக ஒரு மணி நேரம் வைத்துவிட்டு நன்றாகக் குலுக்குங்கள். நான்கு துளி வார்னிஷுக்கு ஒரு துளித் தண்ணீர். அதற்குமேல் நீர்த்தால் படலம் பலவீனமாகும். மென்மையான செயற்கை இழைத் தூரிகை எடுத்து, மேலிருந்து கீழாகப் பகுதி பகுதியாகப் பூசுங்கள். பூசிய இடத்தை அரை நிமிடத்துக்குப் பிறகு திரும்பத் தொடாதீர்கள். பாதி காய்ந்த படலத்தை இழுத்தால் சுருக்கமும் வெள்ளைக் கோடும் விழும். ஓர் உருவம் முடிந்ததும் தூரிகையைத் துடைத்து, மடிப்பிலும் கக்கத்திலும் தேங்கியதை அதன் நுனியால் உறிஞ்சி எடுங்கள். அந்த ஒரு வேலையை விட்டால் இப்போது வந்த அதே திட்டு மறுபடி வரும். குமிழி வந்தால் தூரிகையில் சரக்கு அதிகம் என்று அர்த்தம்.

முதுகு மடிப்பில் நீர்த்த கறுப்பைப் பூசிவிட்டு, பிறகு பளபளப்புக் கோட்.

வெண்கலக்கிண்ணி:
கவசத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. உலோகப் பெயின்டில் உள்ள நுண்தகடுகள் ஒளியை நேராகத் திருப்பி அனுப்புவதால்தான் உலோகமாகத் தெரிகிறது. மேட் கோட் அந்த ஒளியைச் சிதறடித்துவிடுகிறது. ஆகவே மேட் காய்ந்த பிறகு கவசம், வாள், கொக்கி மேல் மட்டும் சிறு தூரிகையால் சாட்டின் (அரை மினுக்க) வார்னிஷ் பூசுங்கள். முழுப் பளபளப்பு பொம்மைத்தனமாக இருக்கும், அதைக் கண்ணுக்கும் ரத்தினத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

டமியா நிறுவனத்தின் எக்ஸ்-21 பிளாட் பேஸை வார்னிஷ் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அது பெயின்டிலோ எக்ஸ்-22 கிளியர் என்ற நிறமற்ற பளபளப்புப் பூச்சிலோ சிறிது கலக்கும் மேட் சேர்மானம். தனியாகப் பூசினால் வெள்ளைப் பொடிதான் மிஞ்சும்.

டெக்கால் (உருவத்தில் ஒட்டும் மெல்லிய சின்னப் படலம்) இருந்தால் பளபளப்புக் கோட்டின் மேல் ஒட்டி, பிறகு மேட் பூசுங்கள். அப்போதுதான் டெக்காலின் விளிம்பு மறையும். கண்ணாடி போன்ற பாகங்கள் இருந்தால் மேட் படாமல் மூடிவிடுங்கள். எண்ணெய் வாஷ் (மடிப்புகளில் நிழல் தர ஓடவிடும் நீர்த்த எண்ணெய்ப் பெயின்ட்) போட்டிருந்தால் குறைந்தது இரண்டு நாள் காயட்டும், அதற்கு முன் எந்த வார்னிஷும் வேண்டாம்.