பிராட்பேண்ட், டிவி, ஃபோன் கொன்ட்ராக்ட் முடியுது: 91 பவுண் கேக்கினம், எப்பிடிக் குறைக்கிறது?

வெம்பிளி வாசி

வணக்கம். இங்கிலாந்தில இருக்கிற ஆக்களிட்ட ஒரு கேள்வி. பிராட்பேண்ட், டிவி, லேண்ட்லைன் மூண்டும் ஒரே கம்பெனி. 18 மாதக் கொன்ட்ராக்ட் அடுத்த மாதக் கடைசியில முடியுது. இப்ப மாதம் 62 பவுண். முடிஞ்சா 91 ஆகும் எண்டு கடிதம் வந்திருக்கு. அதிலயே "உங்களுக்கான சலுகை" எண்டு 24 மாதத்துக்கு 71 பவுண் போட்டிருக்கினம். ஸ்பீட் 150 எம்பி. டிவியில ஸ்போர்ட்ஸ் இருக்கு, கிரிக்கெட் நடக்கேக்க மட்டும்தான் பாக்கிறது. லேண்ட்லைன் அம்மாவுக்கு. ஊரில இருந்து சொந்தக்காரர் எல்லாரும் அந்த நம்பருக்குத்தான் எடுப்பினம், அது மாறக் கூடாது.

கான்சல் பண்ணுறன் எண்டு சொன்னாத்தான் விலை குறைப்பினமா? முடியிற திகதிக்கு முதல் எடுக்கோணுமா, பிறகு எடுத்தாலும் பரவாயில்லையா? இரண்டு மொபைல் கொன்ட்ராக்டும் கிட்டத்தட்ட அதே நேரம் முடியுது, அதையும் சேத்துச் சொல்லுங்கோ.

---

கணக்குப்பிள்ளை

அந்தக் கடிதம் 2020 பிப்ரவரியில் ஆஃப்காம் (பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு) கொண்டுவந்த விதிப்படி வருவது. ஒப்பந்தம் முடிய 10 முதல் 40 நாள் இருக்கும்போது அனுப்பியே ஆக வேண்டும். முடியும் தேதி, அதற்குப் பிந்தைய விலை, அதே கம்பெனி புது வாடிக்கையாளருக்கு என்ன விலை கேட்கிறது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைத் தேடிப் பாருங்கள், பேரத்துக்கு உதவுவது அதுதான். 71 என்பது அவர்கள் வைத்த முதல் விலை. அதற்கு இப்போதே தலையாட்ட வேண்டாம்.

தேதிக்குப் பயந்து அவசரப்படவும் வேண்டாம். ஒப்பந்தம் முடிந்தால் லைன் அறுந்துவிடாது, விலைதான் ஏறும். 91-க்கும் 62-க்கும் வித்தியாசம் 29, அதாவது நாளுக்கு ஏறக்குறைய ஒரு பவுண்டு. பத்து நாள் தள்ளிப்போனால் 10 பவுண்டு நஷ்டம். 50-க்குக் கிடைக்கக்கூடியதை 71-க்கு ஒப்புக்கொண்டால் 24 மாதத்தில் 504 பவுண்டு நஷ்டம். தேதி தாண்டிவிட்டால் விலகல் கட்டணமும் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம்.

மாத விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 2025 ஜனவரி 17-க்குப் பிறகு போடும் ஒப்பந்தங்களில் "பணவீக்கம் + 3.9%" மாதிரி கணக்கு கூடாது, ஏப்ரலில் எத்தனை பவுண்டு ஏறும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பெரிய கம்பெனிகளில் அது பெரும்பாலும் 3, 4 பவுண்டு. சிறியதாகத் தெரியும். போட்டுப் பாருங்கள்: 28 பவுண்டு, 24 மாதம், ஒவ்வொரு ஏப்ரலிலும் 4 ஏறும் என்று வைத்துக்கொள்வோம்.

பிப்ரவரியில் தொடங்கினால் 2 மாதம் 28, 12 மாதம் 32, 10 மாதம் 36. மொத்தம் 800.

மே மாதம் தொடங்கினால் 11 மாதம் 28, 12 மாதம் 32, 1 மாதம் 36. மொத்தம் 728.

விளம்பரத்தில் விலை ஒன்றுதான், கையெழுத்துப் போடும் மாதத்தால் 72 பவுண்டு போகிறது. ஆகவே ஏப்ரலுக்குச் சற்று முன் ஒப்பந்தம் போடுகிறவர்கள் "இந்த ஏப்ரல் ஏற்றம் எனக்கு உண்டா" என்று நேராகக் கேளுங்கள். சில கம்பெனிகள் முதல் ஏப்ரலை விட்டுவிடும். ஏற்றமே இல்லாமல் 31 பவுண்டுக்குத் தருகிற கம்பெனி இருந்தால் 24 மாதத்துக்கு 744. மேலே பிப்ரவரிக் கணக்கில் வந்த "28 பவுண்டு" சலுகையைவிட அது மலிவு.

---

ஈஸ்ட்ஹாம் அக்கா

ஃபோன் பேசறதப் பத்தி நான் சொல்றேன் தம்பி.

பேசறதுக்கு முன்னாடி கையில ரெண்டு விலை இருக்கணும். ஒண்ணு, அதே கம்பெனி வெப்சைட்ல லாகின் பண்ணாம, புது ஆள் மாதிரி உங்க போஸ்ட்கோட் போட்டா வர்ற விலை. இன்னொண்ணு, உங்க வீட்டுக்கு நிஜமாவே கனெக்‌ஷன் குடுக்கக்கூடிய வேற கம்பெனியோட விலை. ஓப்பன்ரீச்ங்கற பொது நெட்வொர்க் லைன்ல பிடி, ஸ்கை, வோடஃபோன், டாக்டாக், பிளஸ்நெட்னு பல பேர் விக்கறாங்க. வர்ஜின் மீடியாவுக்குத் தனி கேபிள். லண்டன்ல கம்யூனிட்டி ஃபைபர், ஹைப்பர்ஆப்டிக் மாதிரி ஆளுங்க சில தெருவுக்கு மட்டும் வருவாங்க. உங்க தெருவுல இல்லாத கம்பெனி பேரைச் சொன்னா எதிர்ல இருக்கறவர் ஸ்கிரீன்ல பார்த்துடுவார், அப்புறம் நீங்க சொல்ற எதுக்கும் மதிப்பு இருக்காது.

மெனுவுல "கம்பெனியை விட்டு விலகணும்" அப்படிங்கற ஆப்ஷனை அழுத்துங்க. "பில் பத்தி" அழுத்தினா போற ஆளுக்குப் பெருசா தள்ளுபடி குடுக்க அதிகாரம் கிடையாது. விலகறவங்களைத் தக்கவைக்கன்னே தனி டீம், ரிடென்ஷன்ஸ்னு சொல்வாங்க, அவங்ககிட்டதான் பேசணும். லைவ் சாட்லயும் முயற்சி பண்ணலாம், எழுத்துல ஆதாரம் நிக்கும்.

பேச்சு இவ்வளவு போதும்: "என் ஒப்பந்தம் இன்ன தேதிக்கு முடியுது. இதே ஸ்பீடு இன்ன கம்பெனியில 27 பவுண்டுக்கு வருது. இங்கயே இருக்கணும்னுதான் பார்க்கறேன், நீங்க என்ன பண்ண முடியும்?" சொல்லிட்டு வாயை மூடிக்கணும். நீங்களா "ஒரு 55 குடுத்தா போதும்"னு ஆரம்பிச்சா 55-க்குக் கீழ ஒருநாளும் இறங்காது. முதல் விலை வந்ததும் "இதைவிடக் கீழ வருதா, இல்ல ஸ்போர்ட்ஸை எடுத்துட்டா எவ்வளவு?"ன்னு கேளுங்க. கோபப்படாதீங்க. அவர் தள்ளுபடி தரலாம், தராமலும் போகலாம், அது அந்த ஆளோட மூடையும் பொறுத்தது. சரிவரலைன்னா "யோசிச்சுச் சொல்றேன்"னு வச்சுட்டு ரெண்டு நாள் கழிச்சு வேற ஆள்கிட்ட பேசுங்க.

ஃபோன்லயே "சரி"ன்னு சொல்லிடாதீங்க. 2022 ஜூன்லேர்ந்து, நீங்க ஒத்துக்கறதுக்கு முன்னாடியே ஒப்பந்தச் சுருக்கம் அனுப்பணும்னு விதி இருக்கு. ஈமெயில்ல வாங்கி இதெல்லாம் பாருங்க: மொத்தம் எத்தனை மாசம், ஏப்ரல் ஏத்தம், ஸ்பீடு, செட்டப் கட்டணம், தள்ளுபடி கடைசி மாசம் வரை நிக்குதா இல்ல பாதியில முடியுதா. "ஆறு மாசம் ஸ்போர்ட்ஸ் ஃப்ரீ"ன்னு சொல்லிட்டு ஏழாவது மாசத்துலேர்ந்து காசு பிடிக்கறது இந்த இடத்துலதான் வருது.

---

ரூட்டர் ராசா

முதல் ஒரு விசயத்தைச் சரி பாருங்கோ: மூண்டும் ஒரே நாளிலதான் முடியுதா? இடையில ஸ்போர்ட்ஸ் சேத்திருந்தா, ஸ்பீட் கூட்டியிருந்தா, அந்தப் பகுதிக்கு மட்டும் புது 18 மாதம் ஓடிக்கொண்டிருக்கலாம். பிராட்பேண்ட் முடிஞ்சாலும் டிவி முடியாமல் இருந்தால் விலகல் கட்டணம் வரும். "ஒவ்வொண்டுக்கும் முடிவுத் திகதி சொல்லுங்கோ" எண்டு கேட்டு எழுதி வையுங்கோ.

இப்ப கம்பெனி மாறுறது 2024 செப்டம்பர் 12 இல இருந்து "ஒன் டச் சுவிட்ச்" முறையில. பழைய கம்பெனிக்கு நீங்கள் எடுக்கத் தேவையில்லை. புதுக் கம்பெனியிட்ட ஓர்டர் போட்டால் அவை பழைய கம்பெனியோட பேசி, விலகல் கட்டணம் எவ்வளவு, வேற எந்தச் சேவை பாதிக்கும் எண்ட தகவல் உங்களுக்கு மெசேஜில அல்லது ஈமெயிலில வரும். அதைப் பாத்திட்டு ஓம் எண்டு சொன்னாத்தான் மாற்றம் நடக்கும். மாறின நாளுக்குப் பிறகு நோட்டீஸ் காலத்துக்கு எண்டு பிராட்பேண்டுக்கும் லேண்ட்லைனுக்கும் காசு கேக்கேலாது.

எங்கட ஆக்களுக்கு இதில ஒரு சிக்கல் உண்டு. இந்த முறை குடும்பப் பெயரையும் முகவரியையும் வைச்சுத்தான் பழைய கணக்கைக் கண்டுபிடிக்கும். பில்லில அப்பாவின்ர பெயர் குடும்பப் பெயராக இருந்து, புது ஓர்டரில உங்கட பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டால் பொருந்தாது, ஓர்டர் நிண்டுபோகும். பழைய பில்லில எப்பிடி அச்சடிச்சிருக்கோ எழுத்துப் பிசகாமல் அப்பிடியே போடுங்கோ. கணக்கு மனைவியின்ர பெயரில எண்டால் அவவின்ர பெயரில.

இந்த முறை பிராட்பேண்டுக்கும் லேண்ட்லைனுக்கும் மட்டும்தான். டிவியை அது நிப்பாட்டாது. பிராட்பேண்ட் போன பிறகும் டிவிக்குக் காசு பிடிச்சுக்கொண்டிருப்பினம். அதைத் தனியாக எடுத்துச் சொல்லோணும், அதுக்குப் பெரும்பாலும் 30 நாள் அளவு நோட்டீஸ் உண்டு. டிவிப் பெட்டியும் ரூட்டரும் இரவலாகத் தந்ததெண்டால் திருப்பி அனுப்போணும். போஸ்ட் ஒஃபிஸ் ரசீதை எறியாதேங்கோ, "பெட்டி வரேல்லை" எண்டு பில் வந்தால் அது ஒண்டுதான் சாட்சி.

அம்மாவின்ர நம்பர். ஓர்டர் போடேக்கையே "இந்த நம்பரையும் கொண்டுவரோணும்" எண்டு சொல்லி, உறுதிப்படுத்தின ஈமெயிலில நம்பர் இருக்கோ எண்டு பாருங்கோ. பழைய லைனை முதல் கான்சல் பண்ணினால் நம்பர் போயிடும், திருப்பி எடுக்கிறது பெரும்பாடு. சில சின்ன ஃபைபர் கம்பெனிகளிட்ட லேண்ட்லைனே இல்லை, அதையும் முதலே கேளுங்கோ. ஃபைபரில ஃபோன் சுவரில இல்லை, ரூட்டருக்குப் பின்னால குத்தோணும். மாடியில இருக்கிற பழைய சொக்கெட் வேலை செய்யாது. கரண்ட் போனால் ஃபோனும் போகும். பழைய செப்புக் கம்பி ஃபோன் சேவையை 2027 ஜனவரியோட நிப்பாட்டப் போகினம், அதனால இங்கயே இருந்தாலும் இந்த மாற்றம் வரத்தான் போகுது. அம்மா கழுத்தில போடுற அவசர அலாரம் வைச்சிருந்தால் கட்டாயம் கம்பெனிக்குச் சொல்லுங்கோ.

அம்மாவுக்கு வாற கோல் மட்டும்தான் எண்டால் "எனிடைம் கோல்ஸ்" பிளான் வேண்டாம். அது இங்கத்தை நம்பர்களுக்குத்தான், இலங்கைக்கு இல்லை. அதை நிப்பாட்டினாலே மாதம் சில பவுண் மிச்சம்.

---

கேன்சல் பார்ட்டி

எல்லாரும் சுத்தி வளைக்கிறீங்க. நேரா கேன்சல் நோட்டீஸ் குடுத்துடுங்க. நோட்டீஸ் ஓடும்போது அவங்களே கூப்பிட்டு நல்ல விலை குடுப்பாங்க. பில்லுல அடிமாட்டு விலை பார்க்கணும்னா இதுதான் வழி. இல்லன்னா மனைவி பேர்ல புது கனெக்‌ஷன் எடுங்க.

---

ஈஸ்ட்ஹாம் அக்கா

டிவி மட்டும் இருக்கற வீட்டுக்கு அது சரி. பிராட்பேண்டோட லேண்ட்லைன் நம்பர் ஒட்டியிருக்கற இவருக்கு வேண்டாம். அவங்க கூப்பிடாமலே விட்டா, நோட்டீஸ் முடியற அன்னிக்கு நம்பரும் சேர்ந்து போகும். ராசா சொன்ன மாதிரி புதுக் கம்பெனியில ஆர்டர் போட்டாலே பழைய கம்பெனிக்குத் தகவல் போயிடும். நல்ல விலையோட கூப்பிடறதுன்னா அப்பவும் கூப்பிடுவாங்க. புது ஆர்டரை ஃபோன்லயோ ஆன்லைன்லயோ போட்டிருந்தா 14 நாளுக்குள்ள ரத்து பண்ணலாம். அதுக்குள்ள லைன் ஓட ஆரம்பிச்சிருந்தா ஓடின நாளுக்கு மட்டும் குடுக்கணும்.

மனைவி பேர் விஷயம்: "இதே முகவரியில கொஞ்ச மாசமா வாடிக்கையாளரா இருந்திருக்கக் கூடாது"ன்னு பல கம்பெனி சலுகை விதியில எழுதியிருக்கும். பரிசு வவுச்சரும் டாப்கேஷ்பேக், க்விட்கோ மாதிரி வெப்சைட் வழியா வர்ற கேஷ்பேக்கும் அங்கதான் மாட்டும். கேஷ்பேக் வந்தா சந்தோஷம், வர மாசக்கணக்காகும். அதைக் கழிச்சுட்டு விலையை ஒப்பிடாதீங்க.

---

வெம்பிளி வாசி

நன்றி அக்கா, ராசா அண்ணா, கணக்குப்பிள்ளை. கடிதத்தைத் திருப்பிப் பாத்தன், புது ஆக்களுக்கான விலை பின்பக்கத்தில சின்ன எழுத்தில இருக்கு. 71 ஐ விடக் குறைவுதான்! ஸ்போர்ட்ஸை விட்டால் கிரிக்கெட் பாக்க வேற வழி? மொபைலுக்கும் இதே மாதிரித்தானா? அம்மா பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைஞ்ச வயசானாக்களுக்கு அரசாங்கம் தாற உதவிப்பணம்) எடுக்கிறா, அதுக்கு ஏதும் சலுகை உண்டெண்டு கேள்விப்பட்டன்.

---

கணக்குப்பிள்ளை

கிரிக்கெட்டுக்கு: நவ் (NOW) என்ற இணைய டிவி சேவையில் ஸ்கை ஸ்போர்ட்ஸை நாள் கணக்கிலும் மாதக் கணக்கிலும் வாங்கலாம். மாதக் கணக்கில் எடுத்தால் தானாகப் புதுப்பிக்கும், வாங்கிய அன்றே புதுப்பிப்பை நிறுத்தி வையுங்கள். காசு கட்டிய மாதம் முழுக்க ஓடும். வருடத்தில் மூன்று மாதம் மட்டும் பார்க்கிற வீட்டுக்கு 24 மாத ஸ்போர்ட்ஸ் ஒப்பந்தம் வீண். டிவி பேக்கேஜை முழுவதும் விட்டாலும் நேரலை பார்க்கிறவரை டிவி லைசென்ஸ் கட்ட வேண்டும், அது வேறு கணக்கு.

மொபைல் இதைவிட எளிது. ஆங்கிலத்தில் INFO என்று 85075-க்கு மெசேஜ் அனுப்பினால் விலகல் கட்டணம் உண்டா என்று பதில் வரும். நம்பரோடு மாற ஆங்கிலத்தில் PAC என்று 65075-க்கு அனுப்புங்கள், உடனே கோட் வரும், 30 நாள் செல்லும். கோட் வாங்கியதால் எதுவும் ரத்தாகாது, புதுக் கம்பெனியிடம் கொடுத்த பிறகுதான் மாறும், ஒரு வேலை நாளில் முடிந்துவிடும். கோட் கேட்டதைப் பார்த்துப் பல கம்பெனிகள் தாமே கூப்பிட்டு விலை குறைக்கும், பைசா செலவில்லாத பேரம். பழைய சிம்மை நீங்களாக ரத்து செய்யாதீர்கள், நம்பர் போய்விடும்.

ஹேண்ட்செட்டும் சேர்த்த ஒப்பந்தமா என்று பாருங்கள். ஃபோனின் கடன் முடிந்தபிறகும் அதே மாதத் தொகை பிடிக்கிற ஒப்பந்தங்கள் உண்டு. முடிகிற அன்றே சிம் மட்டும் உள்ள பிளானுக்குப் போங்கள். கவரேஜ் மாறக் கூடாதென்றால் அதே நெட்வொர்க்கில் ஓடும் மலிவுக் கம்பெனியைத் தேடுங்கள்: ஓ2 கோபுரத்தில் கிஃப்காஃப், வோடஃபோனில் வாக்ஸியும் நம்மவர் தொடங்கிய லெபராவும், த்ரீயில் ஸ்மார்ட்டி. 30 நாள் பிளான்களே இருக்கும்போது மொபைலுக்கு 24 மாதம் கையெழுத்துப் போட எனக்குக் காரணம் தெரியவில்லை.

---

ரூட்டர் ராசா

பென்ஷன் கிரெடிட் எண்டால் இவ்வளவு பேரமே தேவைப்படாமல் போகலாம். யுனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட் எடுக்கிறவைக்கு "சோஷியல் டாரிஃப்" எண்டு தனி விலை உண்டு. பிடி, வர்ஜின், வோடஃபோன், ஹைப்பர்ஆப்டிக் எல்லாரிட்டயும் இருக்கு, பெரும்பாலும் மாதம் 12 இல இருந்து 23 பவுண் வரை. விலகல் கட்டணம் இல்லை. இப்ப இருக்கிற கம்பெனியிட்டயே அது இருந்தால், கொன்ட்ராக்ட் முடியும் வரை பொறுக்காமலே மாறலாம். வெப்சைட்டில முன்பக்கத்தில போடமாட்டினம், பெயர் சொல்லிக் கேக்கோணும்.

பொதுவாகக் கணக்கு உதவிப்பணம் எடுக்கிற ஆளின்ர பெயரில இருக்கோணும், அதாவது அம்மாவின்ர பெயரில. உங்கட பெயரில இருக்கிற கணக்கை அம்மாவுக்கு மாத்தேக்க லேண்ட்லைன் நம்பர் அப்பிடியே வருமோ எண்டு எழுத்தில வாங்கிப்போட்டு மாத்துங்கோ. ஸ்பீட் சிலதில 15 எம்பிதான், ஒரு வீட்டில நாலு பேர் வீடியோ பாத்தால் காணாது. 50க்கு மேல தாறதாப் பாருங்கோ.