ஆடியில் ஆறும் கை

என் கணவர் திண்டுக்கல்லில் கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி சமைத்துக் கொடுக்கிறார். அடுப்பு அவர் பாடு. இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம் என் பாடு. பெரிய முகூர்த்தம் என்றால் முதல் நாளே மூன்று பெண்கள் உட்கார்ந்து 20 கிலோ பூண்டு வரை உரிப்போம்.

ஆறு வருடமாக என் இடது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இந்த மூன்றின் நுனி மட்டும் தடித்து, வறண்டு, வெடித்துக்கொண்டே இருந்தது. வெடிப்பில் உப்பு பட்டால் உயிர் போய்விடும். ரவிக்கைக் கொக்கி மாட்டக்கூட மகளைக் கூப்பிட வேண்டும்.

மாமியார் பார்த்துவிட்டுக் கரப்பான் என்றார். கத்தரிக்காய், கருவாடு, நிலக்கடலை எல்லாம் கரப்பான் பண்டம் என்று தடை விழுந்தது. ஒரு வருடம் வாயைக் கட்டினேன், விரல் அதைச் சட்டை செய்யவில்லை. பாத்திரம் தேய்க்கும் சோப்பை மாற்றினேன், அதற்கும் மசியவில்லை. மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கினேன். நாலே நாளில் தோல் பட்டுப்போல் ஆனது, நிறுத்திய வாரமே பழையதைவிட மோசமாக வந்தது. திரும்பவும் அதையே தடவினேன், எட்டு மாதம். அதிலிருந்தது வீரியமான ஸ்டீராய்டு என்று தெரிவதற்குள் தோல் வெங்காயச் சருகாக மெலிந்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா, பூண்டை நசுக்கி வைத்துக் கட்டினால் எந்தப் படையும் ஓடிவிடும் என்றார். கட்டினேன். விடிவதற்குள் கொப்புளம். பச்சைப் பூண்டு தோலைச் சுட்டுவிடும், தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அந்தக் கொப்புளத்தைப் பார்த்த பிறகும் என் மரமண்டைக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்திருந்தேன். ஆடி பிறந்து இரண்டு மூன்று வாரத்தில் கை ஆறிவிடும். மாரியம்மன் அருள் என்று நம்பி வருடா வருடம் கூழ் ஊற்றினேன். மார்கழியிலும் ஆறும். தோல் மருத்துவரிடம் இதைப் பேச்சுவாக்கில்தான் சொன்னேன். "மார்கழிப் பனியில் மற்றவர்களுக்கு வெடிக்கும், உங்களுக்கு ஆறுகிறதா? அந்த மாதம் நீங்கள் எந்த வேலையைச் செய்வதில்லை?" என்று கேட்டார்.

"கல்யாணம் இருக்காது, டாக்டர்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என் பதில் எனக்கே புரிந்தது.

பூண்டு உரிப்பதுபோல் செய்து காட்டச் சொன்னார். வலது கையில் கத்தி, இடது கையில் பூண்டு. பூண்டைப் பிடித்திருந்தவை அதே மூன்று விரல்கள்.

பிறகு பேட்ச் டெஸ்ட், எந்தப் பொருள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒட்டிப் பார்க்கும் சோதனை. முதுகில் சின்னச் சின்ன வில்லைகளை ஒட்டி 2 நாள் விட்டார்கள். முதுகு நனையக் கூடாது, வேர்க்கக் கூடாது. வைகாசி மாதத்தில்! வில்லைகளை எடுத்த அன்று ஒருமுறையும் 4ஆம் நாள் ஒருமுறையும் பார்த்தார்கள். பூண்டிலுள்ள டைஅல்லைல் டைசல்ஃபைடு என்ற வேதிப்பொருள் வைத்த இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. சாதாரண ரப்பர் கையுறைக்குள்ளும் அது ஊடுருவுமாம், நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறைதான் பரவாயில்லையாம்.

இப்போது பூண்டுப் பக்கம் நான் போவதில்லை, மசாலா வறுப்பது என் வேலை. வெடிப்பு எட்டிப் பார்த்தால் மருத்துவர் எழுதிய களிம்பை அவர் சொன்ன நாள் மட்டும் தடவுகிறேன். ஆள்காட்டி விரலின் முதல் கோடு வரை பிதுக்கினால், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். கூழ் ஊற்றுவதை நிறுத்தவில்லை. பேட்ச் டெஸ்ட் முடிவு வந்த அன்று இரவு எண்ணெய்க் கத்தரிக்காய்தான்.

*

பூண்டு அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். உங்களுக்குத் தடை விழுந்தது கத்தரிக்காய்க்கு என்றால் எங்கள் வீட்டில் பாலுக்கும் முட்டைக்கும். மகனுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கைக்குழந்தையிலிருந்தே எக்ஸிமா என்ற அரிப்புத் தோல்நோய். என் கணவருக்கு ஆஸ்துமா இழுப்பு உண்டு, இரண்டும் ஒரே குடும்பத்தில் வரக்கூடியவை என்கிறார்கள். யாரையும் கேட்காமல் பாலையும் முட்டையையும் நிறுத்தினோம். அரிப்பு குறையவில்லை, பிள்ளையின் எடைதான் குறைந்தது. மருத்துவரிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அவனைக் கிளப்பிவிடுவது வியர்வையும் பள்ளிக்கூடத்து பாலியஸ்டர் காலுறையும். பருத்தி வாங்கினோம். வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடக் குளியல், ஈரம் காய்வதற்குள் பெட்ரோலியம் ஜெல்லி. இரவில் எல்லாரும் தூங்குகிறோம்.

*

நீங்கள் இருவரும் எழுதியதைப் படித்து நானும் எழுதுகிறேன். என் அப்பா கொத்தனார். 30 வருடம் வெறுங்கையால் கலவை அள்ளியவர். சிமெண்டிலுள்ள குரோமியம் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவருக்கும் பேட்ச் டெஸ்டில்தான் தெரிந்தது. வேலையை மாற்றுங்கள் என்றார் மருத்துவர். 52 வயதில் எதற்கு மாறுவது? இப்போது அளவு பார்ப்பது, நூல் பிடிப்பது, ஆட்களை வேலை வாங்குவது என்று ஒதுங்கிக்கொண்டார். கை தேறியது, பாதம் தேறவில்லை. இப்போது சிமெண்டையே மிதிக்காதவருக்குப் பாதத்தில் ஏன் என்று மண்டையை உடைத்துக்கொண்டோம். தோல் பதனிடுவதற்கும் குரோமியம்தானாம். முதல் சம்பளத்தில் நான் வாங்கிக் கொடுத்த தோல் செருப்பு. அதைப் பரணில் போட அவருக்கு மனமில்லை, நான்தான் எடுத்துப் போட்டேன்.