பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கணினி பாகம் வாங்கியவர்களே, இன்னும் உறுத்துவது எது?

கத்தரிக்கையன்:
கல்யாண வீடியோ வெட்டுவது பிழைப்பு, இரவில் கொஞ்சம் விளையாட்டு. 2023இல் வாங்கினேன். என்விடியாவின் 4090 கிராபிக்ஸ் கார்டு முடிவாகிவிட்டது. பிராசசருக்கு இன்டெலின் ஐ9 13900கே என்று எழுதிக்கொண்டு போயிருந்தேன். வீடியோ எடிட்டிங்குக்கு என்று சொன்ன பிறகும் கடைக்காரர் பேனாவை எடுத்து அதன் வாலில் ஓர் 'எஃப்' சேர்த்தார். "இவ்வளவு பெரிய கார்டு போடுகிறீர்கள், சிப்புக்குள் இன்னொரு கிராபிக்ஸ் எதற்கு சார்? மிச்சக் காசில் நல்ல கேபினட் பாருங்கள்." தலையாட்டினேன்.

முதல் முகூர்த்தத்தைத் திறந்தேன். கெட்டிமேளம் முழங்கி ஓய்ந்துவிட்டது, தாலி இன்னும் மாப்பிள்ளை கையிலேயே தொங்குகிறது. படம் அசையவில்லை. என் கேமரா பதிவு 4:2:2, 10 பிட், எச்.265, அதாவது நிறத்தை நுணுக்கமாக வைத்துக்கொண்டு இறுக்கிச் சுருக்கிய வீடியோ. அதை வன்பொருளில் பிரித்துக் காட்ட 4090ஆல் முடியாது. வேண்டாம் என்று விட்ட அந்த உள் கிராபிக்ஸில் வீடியோவைப் பிரிப்பதற்கென்றே இருக்கும் க்விக் சிங்க்கால் முடியும். லட்சங்கள் கொடுத்து வாங்கிய பெட்டி தாலி கட்டும் இடத்தில் நின்றுவிட்டது.

அல்சூர்வாசி:
என்னுடையது மெமரி. பிராசசர் ஏஎம்டியின் ரைசன் 7950எக்ஸ். நான்கு இடத்திலும் மெமரிக் குச்சி இருந்தால்தான் கண்ணாடி வழியே அழகாக இருக்கும் என்று 6000 வேக டிடிஆர்5 நான்கு வாங்கினேன். கடையிலேயே மின்சாரம் கொடுத்தோம். திரை கறுப்பு. பொருத்திய பையன், அவன் முதலாளி, நான், டீ கொண்டுவந்தவர் என நான்கு பேரும் ஒரு சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். பையன் இருமுறை அணைத்துப் போட்டான். அணைத்திருக்கவே கூடாது. முதல் தடவை மெமரியைப் பழக்கிக்கொள்ள அதற்குப் பல நிமிடம் பிடிக்கும். ஒருவழியாக வந்தது, 3600இல். நான்கு குச்சிக்கு ஏஎம்டி உறுதி தரும் வேகமே அவ்வளவுதான், இரண்டுக்கு 5200. இரண்டைக் கழற்றி அலமாரியில் வைத்தேன், இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

சிக்பேட் சுற்றி:
கத்தரிக்கையன், கடைக்காரரைக் குறை சொல்லாதீர்கள். என்ன கேமரா என்று அவரிடம் சொன்னீர்களா? எஃப் என்றால் உள் கிராபிக்ஸ் கிடையாது என்பது பெட்டி மேலேயே இருக்கிறது. விளையாட்டுக்கு மட்டும் வாங்க வருபவருக்கு அவர் சொன்னது சரிதான்.

அல்சூர்வாசி:
எடிட்டிங் செய்பவர் என்று சொன்ன பிறகும் அந்த எழுத்தைச் சேர்ப்பது சரியா? கேமராவைக் கேட்பது விற்பவர் வேலை.

சிக்பேட் சுற்றி:
எஸ்.பி. ரோட்டில் சனிக்கிழமை மாலை, பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது, கேமரா விசாரணையா? நல்ல ஆள் நீங்கள்.

ராமமூர்த்தி நகர்:
சண்டை வேண்டாம். எனக்கு நடந்தது சின்னது: வெட்டி முடித்த வீடியோவைக் கோப்பாக்கும் ரெண்டர் 97 சதவீதத்தில் மின்சாரம் போனது. அவ்வளவுதான்.

ஆனால் எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். மின்சாரம் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் யூபிஎஸ் பெட்டியை 600 விஏ என்று வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். பெரும்பாலும் அது தாங்குவது 360 வாட்தான். 4090 மட்டுமே 450 வாட் வரை இழுக்கும், 13900கே தன் பங்குக்கு 253 வரை போகும். யூபிஎஸ் பெட்டியில் விஏவைப் பார்க்காமல் வாட்டைப் பாருங்கள். சைன் அலை தருவதாக எடுங்கள். பவர் சப்ளையில் கஞ்சத்தனம் கூடாது. இன்னொன்று, 4090இன் 16 பின் இணைப்பை டக் என்று உட்காரும்வரை அழுத்துங்கள். சரியாக உட்காராவிட்டால் சூடேறி உருகக்கூடும். கேபினட் கண்ணாடி மூடும்போது அந்த ஒயர் மடங்குகிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். கார்டின் நீளத்தையும் அளந்து கொள்ளுங்கள், சில 35 செ.மீ.க்கும் மேல் இருக்கின்றன. கத்தரிக்கையன், உங்களுக்கு: இன்டெலின் சின்ன ஆர்க் ஏ380 கிராபிக்ஸ் கார்டு ஒன்றை இரண்டாவது ஸ்லாட்டில் செருகுங்கள், 4:2:2 ஓடும். 2025இல் வந்த என்விடியா 50 வரிசைக் கார்டுகளும் அதைப் பிரிக்கும், ஆனால் 4090ஐ விற்காதீர்கள்.

கத்தரிக்கையன்:
யூபிஎஸ் பற்றி நான் கேட்கவே இல்லை ஐயா. ஏ380 யோசனைக்கு நன்றி. இப்போது எல்லாவற்றையும் பிராக்சியாக, அதாவது எளிதில் ஓடும் சிறிய நகலாக மாற்றித்தான் வெட்டுகிறேன், ஒரு கல்யாணத்துக்கு ஓர் இரவு கூடுதல்.

போன மாதம் மவுஸ் வாங்க அதே கடைக்குப் போனேன். கல்லூரிப் பையன் ஒருவன் பட்டியலை நீட்டினான். அதே பேனா, அதே எழுத்து. கேமரா இருக்கிறதா தம்பி என்று கேட்டிருக்கலாம். மவுஸை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.