ஜிக் போட்டு விரால் பிடித்தவர்கள் இருக்கிறீர்களா? அனுபவம் சொல்லுங்கள்

மேலே ஒருத்தர் ஜிக் (முள்ளோடு ஈயத் தலை வைத்த செயற்கை இரை) எல்லாம் அமெரிக்க பாஸ் மீனுக்குத்தான், நம்ம விராலுக்கு ரப்பர் தவளைதான் சரி என்று எழுதியிருந்தார். பாதி உண்மை, மீதிப் பாதிக்கு நான் சாட்சி.

ஆபீஸ் வேலையாக டெக்சாசில் ஒன்றரை வருடம் இருந்தபோது லேக் ஃபோர்க் நீர்த்தேக்கத்துக்கு அடிக்கடி போவோம். 1992 ஜனவரியில் 18.18 பவுண்டு, அதாவது எட்டேகால் கிலோ பாஸ் சிக்கி மாநில ரெக்கார்டு ஆன இடம் அது. எனக்குக் கிடைத்ததில் பெரியதே ஒன்றரைக் கிலோதான், அதையும் தண்ணீரிலேயே விட்டுவிட்டேன், ஊரில் யாரும் நம்பவில்லை. அங்கே படகு வைத்திருந்த கிழவர் ஒருவர் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: ஜிக் இழுக்கும்போது கடிபடுவதைவிட விழும்போது கடிபடுவதே அதிகம். ஈயத் தலை தரையைத் தொடுமுன்பே தூண்டில் நரம்பு தொய்ந்தாலோ, சும்மா ஒரு விரற்கடை பக்கவாட்டில் நகர்ந்தாலோ உடனே சுண்டிவிட வேண்டும். மண்புழு போட்டுத் தக்கையைப் பார்த்தே வளர்ந்த எனக்கு இது பிடிபட நாலு மாதம் ஆனது. ஜிக்கில் நரம்புதான் தக்கை.

பெங்களூர் திரும்பியதும் மாகடி ரோடு தாண்டி அர்க்காவதித் தண்ணீர் நிற்கும் ஒரு தேக்கத்தில், மீன் ஏலம் எடுத்தவரிடம் கேட்டுவிட்டு, அதையே போட்டேன். முதல் நாளே மூன்று 14 கிராம் ஜிக்குகள் பாறையில் சிக்கிப் பலி. அங்கே தெரிந்த காலக்கணக்கும் இங்கே ஒத்துவரவில்லை. அங்கே வசந்தத்தில் பாஸ் கரையோரம் வந்து முட்டையிடும், ஆண் மீன் காவல் நிற்கும். இங்கே விராலுக்கு அந்த வேலை மழைக்காலத்தில், ஆணும் பெண்ணும் சேர்ந்தே காவல். அப்போது செடிக்குள் ஜிக் விட்டால் பாசிதான் வரும், தவளைதான் சரி, அது வரைக்கும் அவர் சொன்னது உண்மை.

ஜிக் போட இடம் பார்த்துவைக்க ஏப்ரல், மே. தண்ணீர் இறங்கி மண் வெடித்துக் கிடக்கும், பழைய ஓடைப் பள்ளம், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை எல்லாம் வெளியே தெரியும். நான் மீன் பிடிக்காமல் போன் எடுத்துப் படம் பிடித்துக்கொண்டே நடப்பேன், அந்தப் படங்கள்தான் நவம்பரில் சோறு போடும். டிசம்பர், ஜனவரிக் காலையில் மட்டும் பத்து மணி வரை டீ குடியுங்கள். வெயில் ஏறினதும் 5 கிராமுக்கு இறங்கி, மெதுவாக விழவிடுங்கள். விரால் காற்று குடிக்க மேலே வந்து 'பொளக்' என்று வளையம் விட்டால் அதன் தலையிலேயே போடாமல் நாலடி தள்ளிப் போடுங்கள்.

ஒரு ஆகஸ்டில் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். செம்மண் நிறத்தில் விரால் பார்ப்பு, அதாவது குஞ்சுக் கூட்டம் தண்ணீரைக் கொதிக்க வைத்ததுபோல் நகர்ந்தது. யோசிக்காமல் நடுவில் போட்டேன். தாயோ தகப்பனோ, பசியில் இல்லை, கோபத்தில் அடித்தது. முள்ளைக் கழற்ற இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், அதற்குள் ஜிலேபிக் கெண்டைகள் புகுந்து பார்ப்பைத் தின்ன ஆரம்பித்துவிட்டன. மீனை விட்டேன், ஆனால் அன்று மேற்கொண்டு போட மனசு வரவில்லை.

*

ஓசூரிலிருந்து: அண்ணா, கெலவரப்பள்ளி அணைப் பக்கம் போட்டிருக்கீங்களா?

*

போட்டிருக்கேன் தம்பி, ஒரே ஒரு தடவை. தென்பெண்ணையில் எங்கள் ஊர்ச் சாக்கடைதான் நுரையாக வந்து நிற்கிறது, நரம்பெல்லாம் சோப்பு வழுவழுப்பு. மீன் மாட்டினாலும் வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டேன். நீங்கள் மே மாதம் இந்தப் பக்கம் வாங்க, அடிக்கட்டை படங்களைக் காட்டுகிறேன். லைஃப் ஜாக்கெட் கட்டாயம் எடுத்து வாங்க, கரையோரச் சேறு இடுப்பு வரை இழுக்கும், நீச்சல் தெரிந்தவர்களே செத்துப்போயிருக்கிறார்கள்.