பின்னேர வகுப்பும் வெட்டிய காசும்

சுன்னாகத்தான்:
வளர்ந்தோர் கல்விக்கு அரசாங்கம் கொடுத்த காசை வெட்டியது சரிதான் என்று காலையில் ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். தையல் வகுப்புக்கு ஆறு பேர்கூட வருவதில்லையாம். வேறு ஆதாரம் இல்லை. வகுப்பு எத்தனை மணிக்கு என்று சொன்னாரா? பின்னேரம் இரண்டு மணி! வெங்காயம் கிண்டும் காலத்தில் எந்தப் பெண் அந்த நேரம் தோட்டத்தை விட்டு வருவாள்?

தீவான்:
எழுதியது நான்தான், ஒளிக்கவில்லை. ஆறு பேர் வரவில்லை என்றால் வரவில்லைத்தான். 2022இல் இலங்கை கடன் கட்ட முடியாமல் நின்றது. 2023இலிருந்து கடன் கொடுக்கிற ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) கணக்குப் பார்க்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கே காசு காணாது. அந்த நாளில் கல்வி அமைச்சராய் இருந்த கன்னங்கரா இலவசக் கல்வி கொண்டுவந்தது பிள்ளைகளுக்காக.

சுன்னாகத்தான்:
அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரையை எடுத்து வாசியும். எழுத்தறிவின்மையை முற்றாக ஒழிப்பதும், எல்லா மட்டத்திலும் எல்லா ஆட்களுக்கும் கல்வி கிடைக்கச் செய்வதும் அரசின் நோக்கம் என்று இருக்கிறது. வயது எங்கே போட்டிருக்கிறது?

கரவெட்டி மருமகள்:
அண்ணை, 29ஆம் உறுப்புரையையும் சேர்த்து வாசியுங்கோ. 27ஐக் காட்டி நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்று அதில் இருக்கிறது. மற்றது, வடமராட்சியில் எங்கள் வகுப்பு நிறைந்துதான் இருந்தது. உங்கள் பக்கத்து வலிகாமத்து ஆக்களுக்கு அக்கறை இல்லையென்றால் எல்லோரையும் சேர்த்துக் கதைக்காதீர்கள்.

சுன்னாகத்தான்:
வலிகாமத்தை ஏன் இழுக்கிறீர்? இரண்டு மணிக்கு வைத்தது நாங்களா? எனக்கு அக்கா முறையான ஒருவர், புருசனை இழந்தவர். நுண்கடன் கொடுக்க வந்தவன் படிவத்தை நீட்டி, விரலால் கோடு காட்டி, "இதில கையெழுத்து வையுங்கோ" என்றான். வட்டி எழுதிய பக்கத்தை அவரால் வாசிக்க முடியவில்லை. வைத்தார். தோடு அடைவுக்குப் போனது. இன்னும் மீளவில்லை. அவருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிற காசு வீண் செலவா?

தீவான்:
உருக்கமான கதை. ஆறு பேருக்கு மறுமொழி இல்லை.

பனங்கூடல்:
கோயில் கொடியேற்றத்துக்குச் சேர்க்கிற காசில் பத்து வகுப்பு நடத்தலாம். சனசமூக நிலையம் பூட்டித்தானே கிடக்கிறது? எல்லாத்துக்கும் அரசாங்கத்திடம் கை நீட்டுவதா?

கரவெட்டி மருமகள்:
கோயிலைத் தொட வேண்டாம். கனடாவில் இருந்துகொண்டு எங்கள் ஊர்க் கணக்குப் பார்க்க வேண்டாம்.

பனங்கூடல்:
அந்தச் சனசமூக நிலையத்துக் கூரைக்குக் காசு அனுப்பினதே நாங்கள்தான், தங்கச்சி.

சுன்னாகத்தான்:
கூரையை விடுங்கள். வரவு குறைந்தால் நேரத்தை மாற்ற வேண்டும். ஆறு மணிக்கு வைத்துப் பார்த்துவிட்டு வெட்டினார்களா? இல்லை. முதலில் போதனாசிரியருக்குக் கொடுத்த படியை நிறுத்தினார்கள், அவர் நின்றுவிட்டார், பிறகு ஆள் வரவில்லை என்று எழுதிவிட்டார்கள். வகுப்பு எடுக்க ஆளில்லாத இடத்துக்கு யார் வருவார்?

தீவான்:
படி நிற்கும் முதலே ஆறு பேர் இல்லை. போன வருசம் நூலகக் கட்டட விசயத்திலும் நீர் இப்படித்தான் கத்தினீர்.

சுன்னாகத்தான்:
நூலகத்தில் நான் சொன்னதுதான் நடந்தது. வரவு இடாப்பைப் படம் எடுத்துப் போடும், பார்ப்போம்.

தீவான்:
நீர் முதலில் போடும்.