பீட்டில் இன்ஜினை இறக்க உதவி வேண்டும்

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரிலிருந்து எழுதுகிறேன். அப்பா ஓட்டிய பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் ஃப்ளைவீல் (இன்ஜின் கியர்பாக்ஸோடு சேரும் இடத்தில் உள்ள கனமான சக்கரம்) பக்கம் ஆயில் ஒழுகுகிறது. அங்கே ஆயிலைத் தடுக்கும் சீல் வளையத்தை மாற்ற இன்ஜினை இறக்கியே ஆக வேண்டும். பேட்டரி, பெட்ரோல் குழாய், ஆக்சிலரேட்டர் கேபிள், ஹீட்டர் கேபிள் எல்லாம் கழற்றியாயிற்று. கியர்பாக்ஸோடு பிடித்திருப்பது நாலே நாலு நட்டுதான். மூன்று வந்துவிட்டன. மேலே, ஃபேனை மூடிய தகர உறைக்குப் பின்னால் இருப்பது மட்டும் உப்புக்காற்றில் துருவேறி, திருப்பினால் போல்ட்டும் சேர்ந்தே சுற்றுகிறது. மூன்று நாளாக எண்ணெய் விடுகிறேன். சூடு காட்டப் பயம், பக்கத்திலேயே பெட்ரோல்.

இன்ஜின் நூறு கிலோவுக்கு மேல். நேராகப் பின்னால் இழுக்காவிட்டால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டில் மாட்டி கிளட்ச் தகடு வளைந்துவிடும். மணல் தரை வேறு. ஜாக்குக்கு அடியில் பனம்பலகை போட்டிருக்கிறேன். பாம்பன், உச்சிப்புளி பக்கம் இதைச் செய்து பழகிய அண்ணன்மார் யாராவது ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா? டிராலி ஜாக் இருந்தால் கொண்டுவாருங்கள், வாடகை தந்துவிடுகிறேன். மதியச் சாப்பாடு நம் வீட்டில்தான்.